சொன்னவர் மறுக்கும் முன் எழுதி வை

தம்பி, விடுப்பு முடிந்து ரயில் ஏறுவதற்குள் இதைப் படித்துவிடு. நாகமலை புதுக்கோட்டையில் விடியுமுன்னே ஆள்சேர்ப்புக்காக ஓடிப் பழகுகிற பையன்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஓட்டத்துக்கும் பீம் கம்பியில் தொங்கி எழும்புவதற்கும் பயிற்சி கொடுக்க ஆள் இருக்கிறது. “நான் அப்படிச் சொல்லவே இல்லையே” என்று மேலதிகாரி ஒருநாள் முகத்துக்கு நேரே சொன்னால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

நீ டீசல் ஸ்டோர் பார்க்கிற நாயக் என்று வைத்துக்கொள். சாயங்காலம் ரோல் கால் முடிந்து எல்லாரும் சாப்பாட்டுக்கு லங்கர் பக்கம் நகர்கிறார்கள். அதிகாரி ஜீப்பில் உட்கார்ந்தபடியே, “அந்த வண்டிக்கு ரெண்டு ஜெரிகேன் போட்டு விடு, வவுச்சரைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார். போட்டு விடுகிறாய். காலை வருகிறது, வவுச்சர் வரவில்லை. சில வாரம் கழித்து ஸ்டாக் சரிபார்க்கிறார்கள். நாற்பது லிட்டர் குறைகிறது. அதிகாரி புருவத்தை உயர்த்துகிறார்: “நானா சொன்னேன்?”

நம் மதுரைப் பக்கத்துக் கோபத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த இடத்தில் குரல் உயர்ந்தால் டீசல் கணக்கு பின்னுக்குப் போய்விடும். நீ எதிர்த்துப் பேசியதுதான் வழக்காக நிற்கும். பல்லைக் கடித்துக்கொண்டு சல்யூட் அடித்துவிட்டு வெளியே வா. எழுத வேண்டியதை அன்றிரவே எழுது. அதைவிட நல்லது, டீசல் கொடுத்த அன்றே எழுதியிருப்பது.

“எழுதிக் கொடுத்தால்தான் செய்வேன்” என்று படையில் நிற்க முடியாது. 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு, மேலதிகாரி நேரில் இடும் சட்டப்படியான கட்டளை வாயால் சொன்னதா, எழுத்தில் வந்ததா, சைகையில் வந்ததா என்று பேதம் பார்ப்பதில்லை. வேண்டுமென்றே மீறினால் 14 ஆண்டு வரை சிறை. சிவில் அதிகாரிகளின் நிலை வேறு. தமிழரான முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் உள்ளிட்ட ஓய்வுபெற்ற அதிகாரிகள் தொடுத்த வழக்கில், வாய்மொழி உத்தரவுகளைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 அக்டோபர் 31 அன்று சொன்னது. கலெக்டர் ஆபீசில் அதைச் சொல்லி ஒருவர் தப்பிக்கலாம். எல்லைச் சாவடியில் நிற்கிற நீ முதலில் செய்துவிட்டு, உடனே எழுதத்தான் வேண்டும்.

எழுதுவது அவமரியாதை என்று நினைக்காதே. வயர்லெஸ் செட்டில் வரும் செய்தியைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்வதும், மணி போட்டு லாக்கில் ஏற்றுவதும் படையே உனக்குப் பழக்கியதுதான். நேரில் வரும் கட்டளைக்கும் அதையே செய். “ரெண்டு ஜெரிகேன், இந்த வண்டிக்கு, வவுச்சர் காலையில், சரிதானே சாப்?” என்று பக்கத்தில் இருப்பவர் காதிலும் விழும்படி கேள். ஸ்டோர் ரெஜிஸ்டரில் தேதி, மணி, வண்டி எண், யார் சொல்லி என்று எழுது. வண்டி ஓட்டியவரிடம் கையெழுத்து வாங்கு. மறுநாள் காலை ஒரு சீட்டு: “நேற்று மாலை ரோல் காலுக்குப் பின் தாங்கள் சொன்னபடி இரண்டு ஜெரிகேன் கொடுத்தேன். வவுச்சருக்காகக் காத்திருக்கிறேன்.” அவ்வளவு போதும். குற்றச்சாட்டு ஒரு சொல்கூட வேண்டாம். மறதிக்காரராக இருந்தால் நினைவுக்கு வரும். வேறு எண்ணம் இருந்தால் அந்தச் சீட்டைப் பார்த்தே மாறிவிடும். பெரும்பாலான அதிகாரிகள் மறதிக்காரர்கள்தான், அதையும் மனதில் வை.

காகிதம் இருந்தும் குழப்பம் தீராத கதை ஒன்று உண்டு. 1854 அக்டோபர் 25, கிரிமியாவில் பாலக்ளாவா. பிரிட்டிஷ் தளபதி ராக்லன் சொல்லச் சொல்ல ஏரி என்பவர் துண்டுக் காகிதத்தில் எழுதிய உத்தரவை கேப்டன் நோலன் குதிரையில் கொண்டு வந்தார். பீரங்கிகளை எதிரி கொண்டுபோகவிடாமல் தடுக்க வேண்டுமாம். எந்தப் பீரங்கிகள்? குன்றின் மேலிருந்த ராக்லனுக்குத் தெரிந்தவை பள்ளத்தில் நின்ற குதிரைப்படைத் தலைவர் லூக்கனுக்குத் தெரியவில்லை. கேட்டதற்கு நோலன் கையை வீசிக் காட்டினார். அந்தக் கை காட்டிய திசையில் இலகு குதிரைப்படை போய் மாய்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் விழுந்தவர்களில் நோலனும் ஒருவர். ராக்லன் பழியை லூக்கன் மேல் போட்டார். லூக்கன் அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருந்து, ஊர் திரும்பியதும் பிரபுக்கள் சபையில் தன் பக்கத்தைச் சொன்னார். பின்னாளில் ஃபீல்ட் மார்ஷலும் ஆனார். அவரைக் காத்தது அந்தக் காகிதம். குதிரை வீரர்களைக் காத்திருக்கக்கூடியது இன்னொரு கேள்வி. அதை அவர் விடாப்பிடியாகக் கேட்கவில்லை. புரியாத கட்டளையைப் புரிந்த மாதிரி தலையாட்டி வாங்காதே.

சட்டத்துக்குப் புறம்பான கட்டளையின் கணக்கு வேறு. சட்டம் “சட்டப்படியான கட்டளை” என்றுதான் சொல்கிறது. இலங்கை போன இந்திய அமைதிப்படையில் 54-ஆவது டிவிஷனை நடத்திய மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங் தன் புத்தகத்தில் எழுதியிருப்பதைப் பார். 1987 செப்டம்பரில் ஒரு நள்ளிரவு, கொழும்பிலிருந்த இந்தியத் தூதர் ஜே.என். தீக்சித் தொலைபேசியில் கூப்பிட்டு, பேச்சுக்கு வரும் பிரபாகரனைக் கைது செய் அல்லது சுட்டுவிடு என்றாராம். இவர் மறுவார்த்தை பேசிச் சண்டை போடவில்லை. திரும்பச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, தன் மேலதிகாரி லெப்டினன்ட் ஜெனரல் தீபிந்தர் சிங்கிடம் கேட்டார். பேச்சுக்கு வருகிறவனைச் சுடுவது ராணுவத்தின் வழக்கமில்லை என்பதே பதில். இது ஹர்கிரத் சிங்கின் வாக்குமூலம் மட்டுமே. புத்தகம் வந்தது 2007-இல்; தீக்சித் 2005-இலேயே காலமாகிவிட்டார். ஹர்கிரத் சிங் செய்தது சரி என்றே நான் சொல்வேன். ஆனால் இருபது ஆண்டு கழித்து எழுதினால், எதிர்த்தரப்பில் ஆமென்றோ இல்லையென்றோ சொல்ல ஆளில்லாமல் போகிறது.

மூன்றாவது ஆளைப் பற்றியும் பேச வேண்டும். அதிகாரி உன்னிடம் சொன்னபோது பக்கத்தில் நின்றவன் ஒருவன் இருப்பான். நாளை அவன் இடத்தில் நீயே நிற்கலாம். “நான் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன் சாப்” என்று நழுவத் தோன்றும். நழுவாதே. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் இரவு முழுக்க அடிக்கப்பட்டதை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர் அங்கேயே வேலை பார்த்த தலைமைக் காவலர் ரேவதி. அது படையில்லை, காவல் நிலையம். என்றாலும் சீருடை சீருடைதான். லத்தியிலும் மேஜையிலும் ரத்தக் கறை இருந்ததைச் சொல்லிவிட்டார். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடத்தான் அஞ்சினார். பாதுகாப்புக்கு உறுதி கிடைத்த பிறகு போட்டார். அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்றத்தின் நம் மதுரைக் கிளை. பயப்படாதவர் ஒருவர் சொன்னதாக இருந்தால் உனக்கு அதை உதாரணம் காட்டியிருக்க மாட்டேன்.

இனி, செய்யவே கூடாதவை. ரெஜிஸ்டரில் பழைய தேதி போட்டு இன்று வரி சேர்க்காதே. உண்மையான நாற்பது லிட்டரும் அதோடு பொய்யாகிவிடும். பார்க்காதவனைப் பார்த்ததாகச் சொல்லச் சொல்லாதே. சட்டைப் பைக்குள் போனை வைத்துப் பேச்சைப் பதிவு செய்யாதே. படை வளாகத்தில் அது தனிக் குற்றமாக வந்து விழும். அதிகாரி சொல்லாததைச் சொன்னார் என்று ஒரு சொல்கூடச் சேர்க்காதே. தெரிந்தே பொய்க் குற்றம் சாட்டினால் ராணுவச் சட்டத்தின் 56-ஆவது பிரிவு இருக்கிறது.

நீ அக்னிவீர் என்றால் பயம் இன்னும் கூடும் என்பது எனக்குப் புரிகிறது. நான்கு ஆண்டு முடிவில் அதிகபட்சம் 25 சதவீதம் பேர்தான் நிலைக்கிறார்கள், யார் பகைத்துக்கொள்வது? ஆனால் செய்யாத குற்றத்தை ஏற்றுக்கொண்டு தண்டனை வாங்கினவனை எந்தப் பட்டியலில் வைப்பார்கள்? வழி இருக்கிறது. உன் நற்பெயரைத் தொடும் கோர்ட் ஆஃப் என்கொயரியில் கூட இருக்கவும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் ராணுவ விதிகளில் 180-ஆவது விதி உனக்கு உரிமை தருகிறது. “கூப்பிடவில்லை” என்று பேசாமல் இருந்துவிடாதே, அந்த விதியைச் சொல்லி எழுதிக் கேள். ராணுவச் சட்டத்தின் 26-ஆவது பிரிவின்படி கம்பெனி கமாண்டரிடம் முறையிடலாம். முறையீடே அவர் மேல் என்றால் அவருக்கு அடுத்த மேலதிகாரியிடம் போகலாம். அங்கெல்லாம் தீராவிட்டால் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது. படி தாண்டிப் போகாதே. ஊரில் தெரிந்த அரசியல்வாதியிடம் போன் போட்டு முடித்துவிடலாம் என்று சித்தப்பா சொல்வார், கேட்காதே.

கடைசியாக ஒன்று, இது உன் தோளில் கோடு ஏறியதிலிருந்தே இருக்கிற கடன். உனக்குக் கீழே இப்போது ஆட்கள் இருக்கிறார்கள். போன மாதம் யாரிடமோ “நீ போய்ட்டு வா, நான் பார்த்துக்கிறேன்” என்று சொல்லி அவுட் பாஸ் இல்லாமல் அனுப்பியிருப்பாய். யாராவது கேட்டால் என்ன சொல்வதாக இருக்கிறாய்? யூனிட் போய்ச் சேர்ந்ததும், பெட்டியைப் பிரிக்கும் முன்னே அந்தப் பையனைக் கூப்பிடு. அனுப்பியது நீதான் என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போட்டு, கம்பெனி ஹவில்தார் மேஜரிடம் நீயே கொண்டுபோய்க் கொடு.