காத்திருப்பும் கர்மயோகமே

1884-ஆம் ஆண்டு தந்தை காலமானதும் குடும்ப பாரம் முழுவதும் நரேந்திரர்மீது விழுந்தது. கற்றறிந்த அவ்விளைஞர் பசித்த வயிறும் வெறுங்காலுமாய், விண்ணப்பத்தைக் கையிலேந்தி, கல்கத்தாவின் வெயிலில் அலுவலகந்தோறும் ஏறி இறங்கினார். சென்ற இடமெல்லாம் மறுப்பே கிடைத்தது. அவரே பின்னாளில் உலகம் போற்றிய சுவாமி விவேகானந்தர். வேலை கிடைக்காமை ஒருவரது தகுதிக்கு அளிக்கப்பட்ட தீர்ப்பு அன்று என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இல்லத்திலிருந்தே ஆற்றும் பணியை நாடுவோர் இன்று வெயிலில் அலைவதில்லை. ஆயினும், பதில் வராத கணினியின்முன் அமர்ந்திருப்பதும் ஒரு தவமே. 2020-இல் பெருந்தொற்றினால் பரவிய இம்முறைக்கு ஊர் எல்லை இல்லை. ஆதலின் ஓரிடத்திற்கே நாடெங்குமிருந்து விண்ணப்பங்கள் குவிகின்றன. நிறுவனங்கள் ஆள் சேர்ப்பதைக் குறைக்கும் காலத்தில் அம்மௌனம் மேலும் நீள்கிறது.

கீதை புகட்டும் கர்மயோகம் இங்கேதான் துணை நிற்கிறது. முயற்சி தேடுபவரின் கையில் உள்ளது; பதில் அவர் கையில் இல்லை. ஒரே கடிதத்தை நூறு இடங்களுக்கு அனுப்புவது பரபரப்பு. பணியின் தேவையை அறிந்து, தாம் செய்த வேலைக்குரிய சான்றுடன் சில இடங்களுக்கு எழுதுவது சிரத்தை. எஞ்சிய நேரத்தில் ஒரு திறனைக் கற்பதும், சற்று நேரம் தியானத்தில் அமர்வதும் மனத்தைத் தளராது காக்கும்.

கலங்கிய மனத்தில் விவேகம் மறையும். வேலை தருவதாகக் கூறி முன்பணம் கேட்பவரை நம்பலாகாது. பணம் இழந்தோர் தாமதியாமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்தல் வேண்டும்.

இல்லத்தாருக்கும் கடமை உண்டு. “இன்னும் கிடைக்கவில்லையா?” என்று நாள்தோறும் வினவாமல், அன்போடு உணவு பரிமாறுவதும் இறைத்தொண்டே ஆகும்.