நந்தன் கதையும் மாட்டுவண்டிக் கதையும்

பிள்ளைக்கு எந்தக் கதையை வாசித்துக் காட்டுவது? கோவில்பத்தில், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் வீட்டில் இதுதான் சண்டை.

நந்தன் கதை இந்த மண்ணில் புழங்கிய கதை. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை 1860களில் அச்சேற உதவியவர் காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி சிசே. சேக்கிழாரிடம் இல்லாத வேதிய ஆண்டையைப் பாரதி கொண்டுவந்தார். தில்லை நெருப்பை மட்டும் விட்டுவைத்தார். நாங்கள் வாங்கிய படக்கதையிலும் அது பூமாலை மாதிரிதான் எரிகிறது. “தீயில எறங்கிப் பூணூலோட வந்தாத்தான் உள்ள விடுவாங்களாப்பா?” என்றாள் மகள். பக்தி என்று சொல்லிச் சமாளிக்க எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் அம்பேத்கர் தன் சிறுவயதைப் பற்றி எழுதியதை எடுத்தேன். 1901. புதுச்சட்டை போட்டுக்கொண்டு அப்பாவைப் பார்க்கப் போகும் பிள்ளைகள் மசூர் ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். சாதி தெரிந்ததும் எந்த வண்டிக்காரனும் வரமாட்டேன் என்கிறான். கடைசியில் இரட்டைக் கூலி. வண்டியையும் பிள்ளைகளே ஓட்டவேண்டும். கையில் சோறு இருக்கிறது, குடிக்க நல்ல தண்ணீர் இல்லை.

“பச்சப்புள்ளைக்கிட்ட இதையெல்லாமா சொல்லுவ? அது தூங்க வேணாமா?” என்றாள் என் அம்மா.

நியாயமான கேள்விதான். ஆனால் அவமானத்தைத் தெருவில் முதன்முதலாகச் சந்திக்கிற பிள்ளை, தப்பு தன்மேல் என்றே நினைக்கும். நான் அப்படித்தான் நினைத்தேன், வெகுநாள். புத்தகத்தைக் கையில் கொடுத்து ‘நீயே படி’ என்று நகர்ந்துவிடவும் கூடாது. பக்கத்தில் ஆள் வேண்டும்.

“அப்புறம் தண்ணி கெடைச்சுதா?” மகள் கேட்டாள்.

எழுத்துத் தெரியாத அம்மா முந்திக்கொண்டாள். “அவங்களுக்குக் கெடைச்சது இருக்கட்டும்டி, எங்க காலத்துல இங்க...”

புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கேட்டோம்.