மூன்றாம் நபர்

ஸ்ரீரங்கத்தில் டாக்ஸி ஓட்டுகிறவனுக்கு வாடகையோடு சேர்ந்து வேதாந்தமும் கிடைக்கும். திவ்யதேச யாத்திரைக்கு வண்டி எடுத்தால், உறையூரில் ஏறுகிறவர்கள் அன்பில் போய்ச் சேருவதற்குள் பின் சீட்டில் ஓர் உபன்யாசமே நடந்து முடிந்திருக்கும். வருஷக்கணக்காகக் காது கொடுத்ததில் எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. நாங்கள் கருப்பசாமியைக் கும்பிடுகிற குடும்பம். ஆனாலும் மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் இரண்டையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பிடித்துக்கொள்கிறது. தாய் கிளை தாவும்போது பிடி தளர்ந்தால் குட்டி கீழே. பூனைக் குட்டி எதையும் பிடிப்பதில்லை. தாய் பிடரியைக் கவ்வி எடுத்துக்கொண்டு போகிறது. கடவுள் நம்மைக் காப்பாற்ற நம் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டுமா, சும்மா கிடந்தால் போதுமா என்பதுதான் வழக்கு. வடகலைக்குக் குரங்கு, தென்கலைக்குப் பூனை. வடகலைக்காரர்களும் மோட்சத்தை உழைத்துச் சம்பாதிக்கலாம் என்று சொல்லவில்லையாம். கருணை இறங்குவதற்கு ஒரு வியாஜம், ஒரு சின்னச் சாக்கு வேண்டும் என்கிறார்கள். தென்கலைக்காரர்கள் அந்தச் சாக்கும் வேண்டாம், வருகிற கையைத் தட்டிவிடாமல் இருந்தாலே போதும் என்கிறார்கள்.

இதையெல்லாம் எனக்குப் பொறுமையாகச் சொன்னவர் வழக்கமாக என் வண்டியில் வரும் ஒரு பெரியவர். தென்கலை, ரிட்டையர்டு கணக்கு வாத்தியார். ஒருமுறை அவரை மதுரை ஒத்தக்கடைப் பக்கம் கொடிக்குளத்துக்குக் கூட்டிப்போனேன். டில்லி சுல்தானின் படை 1323இல் ஸ்ரீரங்கத்துக்கு வந்தபோது உற்சவர் நம்பெருமாளை எடுத்துக்கொண்டு தெற்கே நடந்த பிள்ளை லோகாசாரியர், தள்ளாத வயதில் உயிர் விட்ட இடம் அதுதான். அதே படையெடுப்பில் வேதாந்த தேசிகர் சுருதப்பிரகாசிகைச் சுவடியைக் காப்பாற்றப் பிணங்களுக்கு நடுவே பிணம்போலக் கிடந்தார் என்பதும் மரபு. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூனைக் கட்சி ஆசாரியர் காடு மேடெல்லாம் பெருமாளைச் சுமந்து நடந்திருக்கிறார். குரங்குக் கட்சி ஆசாரியர் அசையாமல் கிடந்திருக்கிறார். "சாமி, ரெண்டு பேரும் கட்சி மாறிட்டாங்களே" என்றேன். பெரியவர் கோபிக்கவில்லை. "ஏம்ப்பா, அவர் பெருமாளைத் தூக்கிண்டு போனது தனக்கு மோட்சம் கிடைக்கறதுக்கா? அது கைங்கர்யம்" என்றார். அப்போது அது எனக்கு முழுசாக ஏறவில்லை.

ஏறியது ஹெவி லைசென்ஸ் எடுக்கப் போனபோதுதான்.

ஆப் டாக்ஸி வந்தபின் வாடகை படுத்துவிட்டது. காலேஜ் பஸ்ஸுக்குப் போனால் மாதச் சம்பளம் நிச்சயம். சின்ன வண்டி லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷமாவது ஆகியிருந்தால்தான் ஹெவிக்கு எல்.எல்.ஆரே கொடுப்பார்கள், எனக்கு அது எப்போதோ ஆகிவிட்டது. டிரைவிங் ஸ்கூல் லாரியில் ஏறி உட்கார்ந்ததும் நான் பார்த்தது ஸ்டியரிங்கை அல்ல. இடது பக்கம் மாஸ்டரின் காலடியில் இன்னொரு பிரேக் இருந்தது. கற்றுக்கொடுக்கிற வண்டியில் அப்படி ஒன்று இருந்தாக வேண்டும் என்பது சட்டம்.

அந்தப் பெடல்தான் எனக்குப் பாதி ஸ்ரீவைஷ்ணவம் சொல்லிக்கொடுத்தது. கொள்ளிடம் பாலத்தில் முன்னே போன பஸ் திடீரென்று நிற்கிறது. என் கால் பிரேக்குக்குப் போகிறது, வண்டியும் நிற்கிறது. நான் நிறுத்தினேனா, மாஸ்டர் நிறுத்தினாரா? தெரியாது. அவரைக் கேட்டால் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "வண்டி நின்னுச்சா இல்லியா?" என்பார். அவர் கால் அங்கே இருக்கிறது என்ற நினைப்பில்தான் எனக்கு மூன்றாவது கியரிலிருந்து நான்காவது போடவே துணிச்சல் வந்தது. அதே நினைப்பில்தான் என் கால் அரை நொடி தாமதிக்கவும் செய்தது. அது அவருக்குத் தெரிந்துவிட்டது. "என் காலை நம்பி ஓட்டாதே தம்பி. நீ நம்புறது வண்டி போற போக்கிலயே தெரியுது" என்றார். பூனைக் கட்சிக்கு எதிராக நான் கேட்ட வாதங்களில் கூர்மையானது அதுதான். அவருக்கு நாமமும் தெரியாது, நியாயமும் தெரியாது.

டெஸ்ட் அன்று அந்தச் சீட்டில் பிரேக் இன்ஸ்பெக்டர் ஏறி உட்கார்ந்தார். கார்டில் மோட்டார் வாகன ஆய்வாளர் என்றுதான் இருக்கும். எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஏறும் முன்பே மாஸ்டர் சொல்லியிருந்தார்: "அவர் கால் அந்தப் பெடல்ல பட்டா நீ பெயிலு." அதே பெடல்தான், அதே இடம்தான். நேற்றுவரை அது கருணை. இன்றைக்கு அது இறங்கினால் நான் தேறவில்லை என்று அர்த்தம். கருணை வராமல் இருப்பதே தேர்ச்சியாக இருக்கிற ஓர் இடம் உலகத்தில் இருக்கிறது என்பது எந்த உபன்யாசத்திலும் நான் கேட்காதது.

கண்ணாடியைத் திருத்தினேன். ஏர் ஏறுகிறவரை மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். நேராக எடுப்பது, வளைப்பது, ரிவர்ஸ் எல்லாம் வரிசையாகப் போனது. அவற்றில் சொல்ல ஒன்றுமில்லை. மேட்டில்தான் விஷயம். ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, ஒரு சாண்கூடப் பின்னால் உருளாமல் திரும்ப எடுக்க வேண்டும். இது அவர் இஷ்டத்துக்குக் கேட்பதல்ல; 1989 மோட்டார் வாகன விதிகளில் டெஸ்டுக்கு எழுதியிருப்பதே. ஆஃப் கிளட்சில் எஞ்சினின் சத்தம் மாறும். வண்டி மூக்கைத் தூக்குகிற மாதிரி ஓர் அசைவு. அதைக் கால்தான் கேட்க வேண்டும். அந்த நேரத்தில் எனக்குக் குரங்கும் இல்லை, பூனையும் இல்லை. கண்ணாடியில் எனக்குப் பின்னால் ஒரு கிழவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவது மட்டும் தெரிந்தது. ஹேண்ட் பிரேக்கை விட்டேன். வண்டி முன்னால் போனது.

இன்ஸ்பெக்டர் பேப்பரில் என்னமோ குறித்துக்கொண்டு இறங்கினார். பாஸ். வீட்டில் கருப்பனுக்குத் தேங்காய் உடைத்தார்கள். பெரியவருக்குப் போன் போட்டேன். "பெருமாள் கிருபை" என்றார். மாஸ்டர், "கை நல்லாத் திருந்திருச்சு" என்றார். மூன்றுமே சரியாக இருக்கலாம். எனக்கு அந்தக் கேள்வியில் சுவாரசியம் போய்விட்டது. அந்தச் சைக்கிள் கிழவர் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

பெரிய வண்டி ஓட்டாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டிரைவர் வலது பக்கம், உயரத்தில் உட்கார்ந்திருக்கிறான். முன் கண்ணாடிக்குக் கீழே, வண்டியை ஒட்டி ஒரு குழந்தை நின்றால் தெரியாது. இடது பக்கம் கதவை ஒட்டி வருகிற டூவீலர், கண்ணாடியில் சில நொடி இருப்பான், சில நொடி இருக்க மாட்டான். இடது பக்கம் ஒடித்துத் திருப்பும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் வராது. உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அந்த வெட்டுக்குள் அவன் இருந்தால் டிரைவருக்குச் சத்தம்கூடக் கேட்காது. காந்தி மார்க்கெட் பக்கம் காலையில் ஒரு தடவை வண்டி எடுத்தவனுக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை.

இங்கேதான் நியாயம் எனக்குக் கை கொடுக்கவில்லை. குரங்கானாலும் பூனையானாலும் அதில் இரண்டே பேர்: தாயும் குட்டியும். குட்டி பிடித்தால் குட்டிக்கு நல்லது, விட்டால் குட்டிக்குக் கேடு. தாய் தாவுகிற கிளைக்குக் கீழே யாரும் நடந்து போவதாக யாரும் சொல்லவில்லை. மோட்டார் சட்டத்துக்கு அது தெரிந்திருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனி ஒருத்தர், வண்டிக்காரன் ஒருத்தர். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் கையெழுத்தே போடாத ஒருத்தனுக்கு மூன்றாம் நபர் என்று பேர் வைத்து, அவனுக்காகப் பாலிசி எடுக்காமல் வண்டியை ரோட்டில் இறக்கக் கூடாது என்கிறது. என் காருக்கு வருஷாவருஷம் அந்தப் பிரீமியம் கட்டியிருக்கிறேன். யார் அந்த நபர் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

லாரியைச் செய்தவனுக்கும் அவனைத் தெரிந்திருக்கிறது. இப்போதைய ஏர் பிரேக் வண்டிகளில் ஹேண்ட் பிரேக்கை இறுக்கிப் பிடிப்பது காற்றல்ல, ஸ்பிரிங். காற்றின் வேலை அந்த ஸ்பிரிங்கை அமுக்கி விலக்கி வைப்பது. டியூப் வெடித்துக் காற்று இறங்கினால் ஸ்பிரிங் தானாக இறுகி வண்டி நின்றுவிடும். கெட்டுப்போனால் எந்தப் பக்கம் கெட வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கிவிட்டு வண்டி எடுப்பது எங்கள் வழக்கம், நானும் செய்வேன். ஆனால் அந்தப் பழம் எனக்காக, என் வண்டிக்காக. இடது பக்கம் வருகிறவன் பேரில் யாரும் பழம் வைத்துப் பார்த்ததில்லை.

இப்போது காலேஜ் பஸ் ஓட்டுகிறேன்; ஞாயிற்றுக்கிழமை மட்டும் டாக்ஸி. போன முறை பெரியவர் வந்தபோது இதை அப்படியே கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு திருக்கோஷ்டியூரைச் சொன்னார். அந்த ஊர் ஆசாரியர் நம்பியிடம் ராமானுஜர் பதினெட்டு முறை நடந்து மந்திரார்த்தம் வாங்கியது, வெளியே சொன்னால் நரகம் என்று தெரிந்தும் கோயில் மேல் ஏறி நின்று ஊருக்கே சொன்னது, நான் ஒருத்தன் நரகம் போய் இத்தனை பேர் பிழைத்தால் சரி என்றது. "மூணாவது மனுஷா இல்லேங்கறயே, கோபுரத்துக்குக் கீழே நின்னவா எல்லாம் யாரு?" என்றார்.

நல்ல பதில்தான். ஆனால் எனக்கு ஒன்று இடித்தது. ராமானுஜர் பணயம் வைத்தது தன் மோட்சத்தை. கீழே நின்றவர்களுக்கு அதில் நஷ்டமே கிடையாது. பெருமாள் பார்த்துப்பார் என்று ஒரு டிரைவர் பிரேக் லைனிங் பார்க்காமல் வண்டி எடுத்தால், அவன் பணயம் வைப்பது தன்னுடையதை அல்ல. "எனக்குன்னா நான் பூனைக்குட்டியாவே இருந்துட்டுப் போறேன் சாமி. லெஃப்ட்ல வர்றவனுக்காக நான் எப்படிச் சரணாகதி பண்றது?" என்றேன்.

"அவனையும் அவர்தானேப்பா கவ்விண்டு போறார்? நீதான் அவனைக் காப்பாத்தறேன்னு நெனச்சா அது அகங்காரம் இல்லியா?"

இதுதான் அவர் கட்சியின் பலமான இடம்; எனக்கு உடனே பதில் வரவில்லை. டோல்கேட் தாண்டிய பிறகுதான் வந்தது. அந்த வார்த்தையைப் பெரியவர் சொல்லலாம், கோயிலில் சொல்லலாம், செத்தவன் வீட்டுத் திண்ணையில் அவன் சொந்தக்காரர்களேகூடச் சொல்லிக்கொள்ளலாம். ஸ்டியரிங்கைப் பிடித்தவன் சொன்னால் அது போலீஸ் ஸ்டேஷனில் எல்லா டிரைவரும் சொல்கிற 'விதி' ஆகிவிடுகிறது. வாக்கியம் ஒன்றுதான், சொல்கிற ஆளைப் பொறுத்து பக்தியாகவோ தப்பித்தலாகவோ ஆகிறது. லோகாசாரியர் பெருமாளைச் சுமந்தது தனக்காக இல்லை என்று அன்றைக்கு இவரே சொன்னாரே, அதைத்தான் நான் இன்றைக்குத் திருப்பிச் சொல்கிறேன் என்றேன்.

"சொல்றவன் யாருங்கறதைப் பொறுத்து ஒரு தத்துவம் செல்லும், செல்லாதுன்னு சாஸ்திரத்துல எங்கேயும் இல்லியேப்பா" என்றார். அடுத்த ஞாயிறு திருவெள்ளறைக்கு வண்டி சொல்லியிருக்கிறார். அதற்குள் தேடிப் பார்ப்பதாகச் சொன்னார்.