கடைசிக் காட்சியில் யார் காப்பாற்றுவது?

புதிதாகத் திரைக்கதை எழுத வருகிறவர் ஃபேன்டஸி சாகசக் கதையைக் கையில் எடுத்தால், மந்திரவாதியும் டிராகனும் கொடுக்கிற தொல்லையைவிடப் பெரிய தொல்லை கடைசிப் பத்துப் பக்கத்தில் காத்திருக்கும். எதிரியின் பலம் மனித பலத்துக்கு அப்பாற்பட்டது. இடைவேளை வரை அப்படித்தான் அவனை ஊதி வைத்திருக்கிறோம். இனி ஹீரோவை யார் காப்பாற்றுவது? அவனே தப்பித்துக்கொண்டால், எதிரி ஒன்றும் அவ்வளவு பெரியவன் இல்லை என்றாகிவிடும். வெளியிலிருந்து ஒரு சக்தி வந்து கைதூக்கி விட்டால், இவன் எதற்காக இரண்டரை மணி நேரம் ஓடினான் என்று தியேட்டரில் கேட்பார்கள். டிஸ்கஷன் அறையில் இதை க்ளைமாக்ஸ் சிக்கல் என்பார்கள். கடவுள் காப்பாற்றுவதில் மனித முயற்சிக்குப் பங்கு உண்டா என்ற வடிவில், தமிழ்நாட்டு வைணவம் இதே கேள்வியை நூற்றாண்டுக் கணக்கில் வாதாடியும் தீர்க்காமல் வைத்திருக்கிறது.

வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலையார் குரங்குக்குட்டியைக் காட்டுவார்கள். தாய் மரம்விட்டு மரம் தாவும்போது வயிற்றைக் கட்டிக்கொள்ள வேண்டியது குட்டியின் பொறுப்பு. பிள்ளை லோகாசாரியர் வழிவந்த தென்கலையார் காட்டுவது பூனைக்குட்டியை. தாய்ப்பூனை கழுத்தைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போகும். குட்டி செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, திமிறாமல் இருந்தால் போதும். திரைக்கதைப் பாடநூல்கள் பெரும்பாலும் குரங்குக் கட்சி. ஹீரோ செயல்பட வேண்டும், முடிவு அவன் கையால் வர வேண்டும் என்பது அவற்றின் முதல் பாடம். அரிஸ்டாட்டிலும் அந்தப் பக்கம்தான். கி.மு. 431-இல் அரங்கேறிய யூரிப்பிடீஸின் ‘மெடியா’வில் கடைசியில் தேர் ஒன்று மேலே தோன்றி நாயகியை ஏற்றிப் போகிறது, சிக்கல் கதைக்குள்ளிருந்தே அவிழ வேண்டும், தீர்வை மேடைப் பொறியால் இறக்கக் கூடாது என்று அவர் குறை சொன்னார். நம்மூர் ‘பாதாள பைரவி’யும் (1951) குரங்குப் படமே. தன்னைப் பலியிட அழைத்து வந்த மந்திரவாதியையே பலி கொடுத்து நாயகன் தப்புகிறான்.

ஆனால் ஃபேன்டஸி என்ற வகையின் ஆகப் பெரிய கதை பூனையை நம்பி நிற்கிறது. டோல்கீன் 1954-55-இல் வெளியிட்ட ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலில், உலகை அடிமைப்படுத்தும் மோதிரத்தை அழிக்க எரிமலையில் எறிய வந்த ஃப்ரோடோ, விளிம்பில் நின்றபடி அது தனக்கே சொந்தம் என்கிறான். ஹீரோ தோற்றாயிற்று. மோதிரப் பித்துப் பிடித்த கோல்லம் அவன் விரலைக் கடித்துப் பிடுங்கி, ஆனந்தக் கூத்தாடி, கால் தவறி நெருப்பில் விழுகிறது. உலகம் பிழைக்கிறது. கத்தோலிக்கரான டோல்கீன் இப்படிப்பட்ட எதிர்பாராத நல்ல திருப்பத்தை அருளோடு சேர்த்தே பார்த்தார். 1939-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஆற்றிய உரையை ஒட்டி வந்த கட்டுரையில் அதற்கென்றே ஒரு சொல்லையும் உண்டாக்கினார். 2003-இல் வந்த படத்தின் திரைக்கதையாளர்களுக்கு இந்த முடிவு உறுத்தியிருக்கிறது. ஃப்ரோடோ கோல்லத்தைத் தள்ளிவிடுவதாக முதலில் எடுத்தார்கள். பார்த்தால் கொலையாகத் தெரிந்தது. பிறகு இருவரும் மல்லுக்கட்டி விளிம்பில் உருளுவதாக மாற்றினார்கள். பாதிக் குரங்கு, பாதிப் பூனை. சிறந்த தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கர் உட்பட 11 விருதுகள் வாங்கிய படம்தான். இருந்தாலும் அந்த இடத்தில் எனக்கு நாவலே மேல்.

கால் தவறி விழுவது வெறும் தற்செயல்தானே என்று கேட்கலாம். கோல்லம் அந்த விளிம்புக்கு எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். ஃப்ரோடோவுக்கு முன் மோதிரத்தை வைத்திருந்த பில்போ அதைக் கொல்லும் வாய்ப்பிருந்தும் கொல்லவில்லை. ஃப்ரோடோவும் கொல்லவில்லை. மலைச்சரிவில் கத்தியை ஓங்கிய தோழன் சாமும் வெட்டாமல் விட்டான். மூன்று பேர் மூன்று சமயங்களில் விட்டுவிட்ட உயிர் அது. திரைக்கதையாளர்களுக்கும் இது தெரிந்திருந்தது: நாவலின் தொடக்கத்தில் ஃப்ரோடோவின் வீட்டில் நடக்கிற இரக்கம் பற்றிய பேச்சை, முதல் படத்தில் மோரியாச் சுரங்கத்தின் இருட்டுக்கு நகர்த்தினார்கள், கோல்லம் பின்தொடர்ந்து வரும் இடத்துக்கே.

இங்கே தென்கலையார் குறுக்கிடுவார்கள், நியாயமாகவே. இரக்கத்துக்குப் பலனாக வந்தது என்றால் அது கூலி; காரணமில்லாமல் வருவதுதான் அருள். இதற்கு விடை தேசிகரிடமே இருக்கிறது. சரணாகதி அருளுக்கு விலையாகாது, அது ‘வியாஜம்’ என்கிறார்: சாக்கு. கொடுக்கக் காத்திருப்பவன் கொடுப்பதற்குத் தேடும் ஒரு சாக்கு. கூலிக்குக் கணக்கு உண்டு, சாக்குக்குக் கிடையாது. ஒரு கிழட்டுப் பிராணியை வெட்டாமல் விட்டதற்கு உலகமே பிழைப்பது எந்தத் தராசிலும் நிற்காது. விட்டவர்களும் எதையும் எதிர்பார்த்து விடவில்லை. திரைக்கதை எழுதுகிறவருக்குத் தேவையான சொல் இதுதான் என்பேன். ‘மெடியா’வின் தேருக்கு முன்னால் சாக்கு எதுவும் வைக்கப்படவில்லை, அதனால் அது பொறியாகவே தெரிகிறது. சாக்கு வைத்திருந்தால், பார்க்கிறவனால் முடிவை ஊகிக்க முடியாது, முடிந்தபின் திரும்பிப் பார்த்தால் வழி தெரியும்.

சரணாகதி மனசுக்குள் நடப்பது, கேமரா அதை எப்படிப் பிடிக்கும் என்பது இன்னொரு கேள்வி. இதைக் கதாகாலட்சேபக்காரர்கள் எப்போதோ தீர்த்துவிட்டார்கள். சபை நடுவே திரௌபதி ஒரு கையால் சேலையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கும்பிட்ட வரையில் கண்ணன் வரவில்லை. இரண்டு கையையும் தூக்கியபோது வந்தான் என்பார்கள். திருக்கோளூர்ப் பெண்பிள்ளை இராமானுசரிடம் சொன்னதாக வரும் 81 வாசகங்களில் ஒன்று இதைப் பற்றியது. சேலையை விட்ட கை: ஒரு க்ளோஸ்-அப் போதும், வசனம் வேண்டாம். 1977-இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்திலும் நாயகன் லூக் கண்ணெதிரே இருந்த குறிபார்க்கும் கருவியை அணைத்துவிட்டுத்தான் சுடுகிறான். கருவி ஒதுங்குகிறது, அவ்வளவுதான் ஷாட். சேலை வளர்ந்ததால் மகாபாரதம் முடிந்துவிடவில்லை என்பதையும் கவனிக்கலாம். அவமானம் அவமானமாகவே இருந்து, போர்வரை இழுத்துப் போனது. அருள் வந்தபின்னும் கதைக்கு வேலை மிச்சமிருந்தது.

நம் ரசிகனுக்கு ஹீரோ அடிக்க வேண்டும், பூனைக்குட்டி வேதாந்தமெல்லாம் வியாபாரத்துக்கு ஆகாது என்று தயாரிப்பாளர் சொல்லலாம். சாமி படத்தில் கடைசியில் வேல் வருவதற்காகவே காத்திருந்து கைதட்டிய கூட்டம் நம் கூட்டம். அவர்கள் இதைப் புரிந்துகொள்ள மாட்டார்கள் என்பது ரசிகனைப் பற்றிய கணிப்பாகத் தெரியவில்லை, சொல்கிறவரின் பயமாகத்தான் தெரிகிறது. ஆகவே, முதல் ஸ்கிரிப்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் நண்பரே, க்ளைமாக்ஸ் உதைக்கிறது என்றால் க்ளைமாக்ஸைத் திருத்தாதீர்கள். முப்பதாம் பக்கத்துக்குப் போங்கள். அங்கே உங்கள் ஹீரோ யாரைக் கொல்லாமல் விட்டான் என்று பாருங்கள். ஒருவரும் இல்லையென்றால் அந்த சீனை முதலில் எழுதுங்கள்.