முள்ளுக்குப் பின்னால்

1948இல் இங்கிலாந்தில் பிறந்த மொறிஸ் மைனர் கார் கொழும்பில் இன்னும் ஓடுகிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அதைப் பிள்ளைபோலப் பார்ப்பவர்கள் உண்டு.

1954க்குப் பின் வந்தவற்றில், முன்பலகையின் நடுவே ஒரே வட்ட மீற்றர். முகத்தில் வேகத்துக்கும் பெற்றோலுக்கும் முள். முதுகிலோ கேபிள், சின்ன பல்புகள், நிறம் மங்கிய வயர்கள். அதைக் கழற்ற வேண்டுமானால் முதலில் பற்றரி இணைப்பை எடுக்க வேண்டும். பிறகு கண் எட்டாத இடத்தில் விரல்தான் கண். இழுத்தால் அறுந்துவிடும். எந்த வயர் எங்கிருந்து வந்தது என்று குறித்துவைத்தே கழற்றுவார் நல்ல மெக்கானிக் பாஸ். அவசரக்காரரின் கையில் கடைசியில் ஒன்று மிஞ்சும்.

வீட்டு முதியவர்களின் மௌனத்தை அவிழ்க்கும்போது, எனக்கு அந்த விரல்கள் நினைவுக்கு வருகின்றன.