ஆசானை அளக்கும் அளவுகோல்

ஓர் ஆசானின் தகுதியை எதைக்கொண்டு அளப்பது? அவரிடம் பயின்றவர்களைக்கொண்டு என்பதே உலகம் உடனே தரும் விடை. மாணாக்கன் புகழ் பெற்றால், "இவனை உருவாக்கியவர் யார்?" என்று வினவுகிறோம். ஒரு பெயர் கிடைத்ததும் அந்தப் பெயரின் மேல் புகழ் முழுவதையும் ஏற்றி வைத்துவிட்டு மனநிறைவு கொள்கிறோம். மாணாக்கன் வீழ்ந்தாலோ, "இவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார்?" என்று அதே வினாவை வேறு குரலில் கேட்கிறோம்.

இந்த விடையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. மாணாக்கனின் வெற்றியில் ஆசானுக்குரிய பங்கு எவ்வளவு? பிறவியிலேயே அமைந்த திறமையின் பங்கு எவ்வளவு? பெற்றோரும், முன்னரும் பின்னரும் கற்பித்த பிறரும், வாய்த்த சூழலும் கோரக்கூடிய பங்கு எவ்வளவு? இவற்றைப் பிரித்தறியாமல் தீர்ப்பு வழங்குவது நீதியாகுமா? நீதியைக் கடமையாகப் பெற்ற சமுதாயம் நாம். ஆகவே இது நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா.

இதற்கான சான்று வேலூரிலேயே உள்ளது. சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014-ஆம் ஆண்டு கிளாஸ்கோவில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில், 77 கிலோ எடைப் பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கப் பதக்கம் வென்றார். 2018-இல் கோல்டு கோஸ்ட் நகரில் 317 கிலோ தூக்கி மீண்டும் தங்கம் வென்றார். அவருடைய தந்தையும் பளுதூக்கும் வீரராக இருந்தவர். மகனுக்கு முதற்பயிற்சி அவரிடமிருந்தே கிடைத்தது. பின்னர் தேசியப் பயிற்சி முகாமின் ஆசிரியர்கள் அவரை மேலும் செதுக்கினர். இந்தத் தங்கம் யாருடைய கணக்கில் சேரும்? தந்தையின் கணக்கிலா? முகாம் பயிற்சியாளர்களின் கணக்கிலா? விடியற்காலையில் எழுந்து இரும்பைத் தூக்கிய அந்த இளைஞரின் கணக்கிலா? மூவரும் பங்காளிகளே. ஆனால் மேடையில் மாலை சூட்டும்போது ஒருவர் கழுத்தையே தேடுகிறோம்.

தோல் தொழிலில் தலைமுறைகளைக் கழித்த நம் மக்களுக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. 2019-இல் மாவட்டங்கள் மூன்றாகப் பிரிந்தபோதிலும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய ஊர்களைப் பாலாறும் தோலும் இன்றும் ஒன்றாகவே பிணைத்திருக்கின்றன. சுண்ணாம்புக் குழியும், ஆவாரம் பட்டையும், கடுக்காயும் கோலோச்சிய காலம் போய், குரோமும் சுழலும் மரப்பீப்பாய்களும் வந்துவிட்டன. ஆயினும் தோலைத் தரம் பிரிக்கும் அனுபவசாலியின் கண் மாறவில்லை. பதப்படுத்திய தோலைக் கையிலெடுத்து அவர் முதலில் கேட்கும் கேள்வி, "இது நல்ல தோலா, நல்ல வேலையா?" என்பதே.

அந்த வேறுபாட்டில் பெரிய நுட்பம் இருக்கிறது. உண்ணி கடிக்காத, சூட்டுக்குறி படாத, உரிக்கும்போது கத்திக்காயம் விழாத தோல் வந்தால், நடுத்தரத் தொழிலாளியின் கையிலும் அது அழகாகவே வெளிவரும். வடுவும் வெட்டும் உள்ள தோலை விலைபோகும் பொருளாக்கும்போதுதான் கைத்திறன் வெளிப்படுகிறது. மேலும், மிகச் சிறந்த ஒரு தோலை மட்டும் உயர்த்திக் காட்டும் பதனிடுவோரை எந்த வணிகரும் நம்பமாட்டார். குழியில் எத்தனை இறங்கின, எத்தனை எந்தத் தரத்தில் வெளிவந்தன, எத்தனை கழிக்கப்பட்டன என்று முழுச் சரக்கின் கணக்கைக் கேட்பார். ஆட்டுத் தோலுக்கு நாம் அளிக்கும் இந்த நீதியை மனித ஆசானுக்கு ஏன் அளிப்பதில்லை?

சென்னையில் 1987-ஆம் ஆண்டு எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற பந்துவீச்சாளர் டென்னிஸ் லில்லி 2012 வரை அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தார். ஜவகல் ஸ்ரீநாத், வெங்கடேஷ் பிரசாத், ஜாகீர் கான் போன்றோர் அங்கே பயின்றவர்கள். வேகப்பந்து வீச்சாளர்கள் அருகியிருந்த நாட்டில் இது சிறிய சாதனை அன்று. ஆயினும் நாடெங்கும் தேடி, வேகம் ஏற்கெனவே தோளில் அமைந்திருந்த இளைஞர்களையே அங்கே சேர்த்தார்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தேர்ந்தெடுக்கும் கண் ஒரு திறமை. தேர்ந்தெடுத்தவனை வளர்க்கும் கை வேறொரு திறமை. முன்னதற்குரிய புகழைப் பின்னதற்குக் கொடுத்துவிடுவது நாம் வழக்கமாகச் செய்யும் பிழை.

அதே பயிற்சிக்கூடத்திற்கு, வேகப்பந்து வீச்சாளராகும் ஆசையோடு சச்சின் டெண்டுல்கர் என்ற சிறுவரும் வந்தார். அவர் மட்டை வீச்சிலேயே கருத்தைச் செலுத்தட்டும் என்று லில்லி கூறி அனுப்பியது பலரும் அறிந்த செய்தி. உருவாக்கிய பந்துவீச்சாளர்களை மட்டும் எண்ணும் ஏட்டில் இந்தச் சிறுவர் ஒரு தோல்வி; தேறாமல் திரும்பியவர். ஆனால், "இது உன் பாதையன்று, உன் பாதை அது" என்று உரிய வயதில் உண்மை சொல்வதும் ஆசானின் கடமையன்றோ? எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு இந்த நன்மை புலப்படாது.

இனி, நம் சமுதாயத்தில் தோன்றிய ஓர் ஆசானைப் பார்ப்போம். ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம் தொழிலால் பள்ளி ஆசிரியர். கால்பந்துப் பயிற்சியாளராக நாடு போற்ற விளங்கியவர். அவர் பயிற்றுவித்த ஹைதராபாத் நகரக் காவல்துறை அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அவருடைய பயிற்சியில் இந்திய அணி 1951-இல் டெல்லியிலும் 1962-இல் ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கம் வென்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. ஜகார்த்தா சென்றபோதே நோயுற்றிருந்த அவர், 1963-இல் புற்றுநோயால் மறைந்தார். அதன்பின் 1970-இல் பாங்காக்கில் ஒரு வெண்கலம் கிடைத்தது. ஆசிய விளையாட்டுகளில் இந்தியக் கால்பந்துக்கு அதற்குப் பிறகு பதக்கமே இல்லை.

இந்த வரலாற்றைக் கொண்டு இருவிதமாக வாதாடலாம். "அவர் போனதும் எல்லாம் போயிற்று, ஆகவே எல்லாம் அவரால்தான் நடந்தது" என்பார் ஒருவர். "தமக்குப்பின் நிற்கக்கூடிய ஏற்பாட்டை விட்டுச் செல்லாதவர் எப்படிச் சிறந்த ஆசான்?" என்பார் மற்றவர். முடிவை மட்டும் வைத்துப் பேசுவதால் இருவருமே பாதி வழியில் நின்றுவிடுகின்றனர். மற்ற நாடுகள் முன்னேறிய வேகத்தையும், நம் நாட்டில் கால்பந்து நிர்வாகம் நடந்த விதத்தையும் மறைந்த ஒரு மனிதரின் கணக்கில் எழுதுவது முறையன்று.

அவர் செய்த வேலையைப் பார்ப்பதே நேர்வழி. பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு ஓடும் பழக்கத்தை மாற்றி, உடனுக்குடன் தோழனுக்குக் கொடுத்து ஆடப் பழக்குவதற்காக, பந்தை உருட்டிச் செல்லக் கூடாது என்ற விதியோடு அவர் போட்டிகள் நடத்தினார். ஜகார்த்தாவில் தற்காப்பு ஆட்டக்காரரான ஜர்னெய்ல் சிங் தலையில் காயமுற்றிருந்தபோது, அவரை முன்வரிசைக்கு மாற்றி ஆடவைத்தார். ஜர்னெய்ல் அரையிறுதியிலும், தென்கொரியாவை 2–1 என்று வென்ற இறுதியாட்டத்திலும் கோல் அடித்தார். அவரை ரஹீம் "படைத்தார்" என்று கூறுவது மிகை. அந்த வீரரிடம் பிறர் காணாத ஒன்றைக் கண்டார், அதற்கு இடம் கொடுத்தார் என்பதே சரியான அளவு. ஆசானின் புகழுக்கு அந்த அளவே போதுமானது.

இந்த நிதானத்தை நம் முன்னோரான மார்க்க அறிஞர்கள் நன்கு அறிந்திருந்தனர். எகிப்தின் பேரறிஞர் லைஸ் இப்னு சஅது, மார்க்கச் சட்ட ஞானத்தில் இமாம் மாலிக்கையும் விஞ்சியவர் என்று இமாம் ஷாஃபிஈ கருதியதாகக் கூறுவர். ஆனால் லைஸின் மாணாக்கர் அவருடைய கருத்துகளைப் பேணிக் காக்கவில்லை. ஆகவே அவர் பெயரால் ஒரு மத்ஹபு நிலைபெறவில்லை. மாணாக்கரைக் கொண்டு மட்டும் அளந்திருந்தால் லைஸின் பெயரை வரலாறு சிறு எழுத்தில் எழுதியிருக்கும். ஆசானின் தகுதி வேறு, மாணாக்கரால் அவர் அடையும் புகழ் வேறு என்று பிரித்துக் காணும் பேரறிவு அந்த இமாமிடம் இருந்தது.

ஹதீஸ் கலை வல்லுநர்களோ இன்னும் நுணுக்கமாகச் சென்றனர். கூஃபாவைச் சேர்ந்த அதா இப்னு அஸ்ஸாயிப் முதுமையில் நினைவாற்றல் குழம்பியவர். அதற்காக அவரை ஒரேயடியாக ஒதுக்கவுமில்லை. பழம்பெருமைக்காக முழுமையாக ஏற்கவுமில்லை. குழப்பத்திற்கு முன் அவரிடம் கேட்டவர் யார், பின் கேட்டவர் யார் என்று ஆராய்ந்து, முன்னவர் அறிவிப்பை ஏற்றனர். ஆசானைக்கூடக் காலம் பிரித்து எடைபோட்ட நீதி அது. ஒரு பயிற்சியாளரின் பத்து ஆண்டுக்கு முந்திய புகழை இன்றைய தகுதிச் சான்றாகக் கொள்வோரும், இன்றைய தளர்ச்சியைக் கொண்டு பழைய உழைப்பை மறுப்போரும் இதிலிருந்து பாடம் பெறலாம்.

அப்படியானால் ஆசானை மதிப்பிடவே கூடாதா? மதிப்பிட்டே ஆகவேண்டும். பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பது என்று பெற்றோர் தீர்மானித்தாக வேண்டும். யாரை நியமிப்பது என்று கல்விக் கழகங்கள் தீர்மானித்தாக வேண்டும். வேண்டுவது முழுக் கணக்கு. வந்தவர் எந்நிலையில் வந்தார், எந்நிலையில் சென்றார். சிறந்தவர் மட்டுமன்றி இடையில் நின்றவர் எத்தனை பேர். ஆசானை விட்டுச் சென்றபின் கற்றது நிலைத்ததா. உடன் உழைத்தவர் யார். அன்றாடம் அவர் செய்த வேலை என்ன? இவற்றைக் கேட்டபின் சொல்லும் தீர்ப்பு, முழுதும் சரியாக இல்லாவிடினும் அநீதியாக இராது.

இத்தனை கேட்ட பிறகும் ஓர் எல்லை உண்டு. தோலுக்கு விருப்பம் இல்லை, மனிதனுக்கு உண்டு. நூஹ் நபி (அலை) அவர்கள் தம் மக்களிடையே ஐம்பது குறைய ஆயிரம் ஆண்டுகள் தங்கியிருந்து அழைத்ததைத் திருமறை கூறுகிறது. செவிசாய்த்தவர் மிகச் சிலரே. பெற்ற மகனே கப்பலேற மறுத்து மூழ்கினான். எண்ணிக்கை ஏட்டை விரித்துவைத்து அவர்களை அளக்க எந்த முஸ்லிமுக்குத் துணிவு வரும்? எடுத்துரைப்பது தூதரின் கடமை. இதயத்தைத் திருப்புவது இறைவனின் அதிகாரம். நபிமார்களுக்கே வகுக்கப்பட்ட இந்த எல்லையைச் சாதாரண ஆசிரியருக்கு நாம் மறுக்கலாகாது.

இவையெல்லாம் ஏட்டளவிலான ஆராய்ச்சி என்று எவரும் எண்ண வேண்டாம். நாம் எதைக்கொண்டு ஆசானை அளக்கிறோமோ, அதையே நோக்கி அவர் நடக்கத் தொடங்குவார். நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்ற ஒன்றையே நாம் பாராட்டினால் என்ன நிகழும்? தேர்வில் தவறக்கூடிய பிள்ளையை ஒன்பதாம் வகுப்போடு சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடும் பள்ளிகள் பெருகும். அந்தப் பிள்ளை பெரும்பாலும் யாருடைய பிள்ளை? தோல் தொழிற்சாலையிலும் காலணித் தொழிற்சாலையிலும் நாள் முழுதும் நின்று உழைத்துவிட்டு, மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்க இயலாத தாய்தந்தையரின் பிள்ளை. பதாகையில் அச்சாகும் முதல் மாணாக்கரின் படத்திற்குப் பின்னால், அச்சாகாத அந்த முகம் நிற்கிறது. நம் கைதட்டல்தான் அவனை வெளியேற்றியது.

ஆகவே அடுத்த முறை ஓர் ஆசானைப் பற்றி விசாரிக்கும்போது, "உங்களிடம் பயின்றவர்களில் மிகச் சிறந்தவர் யார்?" என்று மட்டும் கேட்க வேண்டாம். "உங்களிடம் வந்தவர்களில் மிகவும் பின்தங்கியிருந்தவர் யார்? அவர் இன்று எப்படி இருக்கிறார்?" என்றும் கேட்போம். அந்தப் பிள்ளையின் பெயர் ஆசானுக்கு நினைவிருந்தால், அதுவே அவரைப் பற்றி நமக்குப் பெரும்பகுதியைச் சொல்லிவிடும். அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வதைக் கடுமையாகக் கண்டித்த மார்க்கம் நம்முடையது. தானியத்தை நிறுக்கும் தராசைவிட மனிதரை நிறுக்கும் தராசு நேராக இருக்கவேண்டும். அந்த நேர்மையை வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக!