பெயரும் பொருளும்

அந்தமான் கராச்சர்மாவில் வாழும் இளைஞர் ஒருவர், நீந்துதல், சைக்கிள் மிதித்தல், ஓடுதல் ஆகிய மூன்றும் அடங்கிய டிரையத்லான் போட்டிக்கெனச் சைக்கிள் வாங்க விழைகிறார் எனக் கொள்வோம். புகழ்பெற்ற கம்பெனியின் வண்டிக்குக் கடன்பட வேண்டும். பெயரறியாத வண்டியோ கைப்பணத்துள் அடங்கும். அவர் விரும்புவது வண்டியையா, பெயரையா?

மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் தேரைக் காட்டி விளக்கியதை நாம் அறிவோம். சக்கரமும் அச்சும் நுகமும் தனித்தனியே தேரல்ல. அவை கூடியவழி வழங்கும் பெயரே தேர். சைக்கிளும் அத்தகையதே. 1949-இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் நம்மவர் கைகள் செய்த வண்டிகளில் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்னும் ஆங்கில நாட்டுப் பெயர்களைப் பொறித்தது. 1980-களில் அமெரிக்க ஷ்வின் கம்பெனிக்கு வண்டிகள் செய்துகொடுத்த தைவானின் ஜயன்ட், பின்னர்த் தன் பெயராலேயே உலகப் புகழ் பெற்றது. மேலும், விரைந்து செல்வோரைத் தடுக்கும் காற்றெதிர்ப்பில் பெரும்பங்கு மிதிப்பவரின் உடலால் விளைவதேயன்றி வண்டியால் அன்று.

ஆயினும் பெயரை முற்றும் தள்ளுதல் முறையாகாது. கார்பன் பிரேம் முறிந்தால் பொறுப்பேற்பவர் யார்? உதிரிப் பாகங்கள் கடல் கடந்து வரவேண்டிய தீவில் இது பெரிய கேள்வி. பழுதை மாற்றித் தரும் நேர்மையால் ஈட்டிய பெயர் வேறு. விளம்பரத்தால் ஏறிய பெயர் வேறு. இரண்டுக்கும் ஒரே விலை கேட்கப்படுகிறது, இடரெல்லாம் அங்கேதான்.

பிறப்பின் பெயரால் எடையிடப்பட்ட மக்கள் நாம். பெயரில்லா வண்டியில் பந்தயத்திற்கு வருபவரைக் கண்டு நம் பிள்ளைகளே நகைப்பார்களாயின், அந்நகைப்பை நாம் முன்பே கேட்டிருக்கிறோம் அல்லவா? கடன் பத்திரத்தில் கையொப்பமிடுமுன், இயலுமாயின், இரு வண்டிகளின் பெயர்களையும் துணியால் மறைத்து ஒருநாள் மிதித்துப் பார்க்கட்டும் அவ்விளைஞர்.